எந்தத் தண்ணிக்கு எந்தப் படகு?



இந்த மாதச் சுவர் இதழுக்கு நான் எடுத்துக்கிட்ட தலைப்பு மீன்பிடிப் படகு. "நம்ம ஊர்ல கடலே இல்லையே, படகைப் பத்தி நமக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். சிங்கப்பெருமாள் கோவிலில் கடல் இல்லைதான். ஆனால் சுத்தி எத்தனை ஏரி இருக்கு! செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகள் நிறைந்த மாவட்டம்னுதான் சொல்லுவாங்க. மின்சார ரயிலில் பரனூர் தாண்டினதும் ஜன்னல் வழியா கொளவாய் ஏரி தெரியும். இந்த ஏரிகளில் மீன் பிடிச்சுப் பிழைக்கிறவங்க வீட்டுப் பிள்ளைகள் நம்ம பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறோம். அதோட, மழைக்காலம் வந்தால் படகு நம்ம தெருவுக்கே வருது. அதைப் பின்னாடி சொல்கிறேன்.

"நல்ல படகு எது?" என்று கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது. "நல்ல செருப்பு எது?" என்று கேட்பது மாதிரிதான் அது. கல்யாணத்துக்குப் போடுற செருப்பைப் போட்டுக்கிட்டு சேத்துல நாத்து நட முடியுமா? அது மாதிரி கடல்ல நல்லா ஓடுற படகு ஏரியில உதவாது. ஏரிக்கு ஏத்தது கடல்ல ஆளையே முழுக்கிடும். ஆகவே படகு வாங்குறவங்க முதல்ல படகைப் பார்க்கக் கூடாது, தண்ணியைப் பார்க்கணும். அப்புறம் சில கேள்விகளைத் தங்களையே கேட்டுக்கணும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. என்ன தண்ணி? எந்தக் கரை?

நம்ம பக்கத்துக் கடற்கரையை எடுத்துக்கோங்க. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எல்லா இடத்திலும் மணல் கரை. அலை கரைக்குக் கிட்ட வந்து உடைஞ்சு விழும். குழியான படகு அந்த அலைக்குள்ள போனால் தண்ணி உள்ள நிறைஞ்சிடும். இதுக்கு நம்ம முன்னோர்கள் கண்டுபிடிச்சதுதான் கட்டுமரம். இலேசான மரங்களைச் செதுக்கி, ஆணி அடிக்காமல், கயிற்றால் சேர்த்துக் கட்டுவாங்க. கட்டுமரத்துக்கு "உள்ளே" என்ற இடமே கிடையாது. அலை மேலே விழுந்தாலும் மரத்துக்கு மரம் இருக்கிற இடுக்கு வழியா தண்ணி இறங்கிடும். தண்ணி நிறைஞ்சு முழுகவே முழுகாது. கவிழ்ந்தால் கூட மிதக்கும். திருப்பிப் போட்டு ஏறிக்கலாம்.

மாமல்லபுரத்தில் மீனவர் குப்பத்துத் தாத்தா ஒருத்தரிடம் பேசினேன். அவர் இன்னொரு விஷயம் சொன்னார். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியா மணலில் காயப் போடுவார்களாம். ஏன்னா மரம் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு கனத்துப் போயிடும். காயப் போட்டால் மறுபடி இலேசாகும். "மரத்துக்கும் லீவு குடுக்கணும் பாப்பா" என்றார்.

அந்தக் காலத்தில் சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னாடி, கப்பல் எல்லாம் தூரத்திலேயே நிற்கும். அங்கிருந்து ஆட்களையும் சாமான்களையும் கரைக்குக் கொண்டுவந்தது மசூலா படகு. அதுலயும் ஆணி இல்லை. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். மணலில் மோதும்போது ஆணி அடித்த படகு விரிசல் விடும். தைத்த படகு கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும். பாருங்கள், இந்த இரண்டு படகையும் வடிவமைச்சது நம்ம கரையில உடைகிற அலைதான்!

இதே தமிழ்நாட்டில் கோடியக்கரையில் இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் பாக் நீரிணைக் கடல். அங்கே ஆழம் குறைவு, அலையும் குறைவு. அதனால் அங்கே பலகையால் செய்த குழியான வள்ளங்களும் நாட்டுப்படகுகளும் அதிகம். தினமும் கரையில இழுத்துப் போட வேண்டியதில்லை, தண்ணியிலேயே கட்டி வெச்சிடலாம். ஒரே மாநிலம்தான், ஆனால் கரை மாறினதும் படகு மாறிடுச்சு.

ஆற்றுக்குப் போவோம். காவிரியில் ஒகேனக்கல், மேட்டூர் பக்கம் பரிசல் ஓட்டுகிறார்கள். கூடை மாதிரி வட்டமா இருக்கும். மூங்கிலைப் பின்னி, முன்னாடி காலத்தில் தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பு போட்டுத் தார் பூசுகிறார்கள். அடி தட்டையா இருப்பதால் முழங்கால் தண்ணியிலும் போகும். பாறையில் இடிச்சாலும் மூங்கில் வளைஞ்சு தப்பிச்சிடும். ஒரே ஒரு துடுப்பு போதும். வேலை முடிஞ்சா ஒருத்தரே தலையில கவுத்துத் தூக்கிக்கிட்டு நடக்கலாம்.

2. எத்தனை பேர்? எவ்வளவு எடை?

இதுக்கு நம்ம ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடமே போதும். ஆர்க்கிமிடிஸ் தத்துவம் ஞாபகம் இருக்கா? படகு எவ்வளவு தண்ணியை விலக்குதோ, அந்தத் தண்ணியின் எடைதான் படகும் சுமையும் சேர்ந்த எடை. 1 லிட்டர் தண்ணி 1 கிலோ. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெட்டி மாதிரி ஒரு படகு. நீளம் 3 மீட்டர், அகலம் 75 செ.மீ. அது 1 செ.மீ. கீழே அமுங்கினால் 300 × 75 × 1 = 22,500 கன செ.மீ., அதாவது 22.5 லிட்டர் தண்ணியை விலக்கும். அப்போ ஒவ்வொரு 22.5 கிலோவுக்கும் படகு 1 செ.மீ. அமுங்கும்.

படகு 30 கிலோ, ஆள் 60 கிலோ, நனைஞ்ச வலை 15 கிலோ, மீன் 30 கிலோ. மொத்தம் 135 கிலோ. 135 ÷ 22.5 = 6 செ.மீ. அமுங்கும். பக்கப் பலகை 25 செ.மீ. உயரம் என்றால் தண்ணிக்கு மேலே 19 செ.மீ. மிச்சம். பரவாயில்லை.

இப்போ அகலத்தை 50 செ.மீ. ஆகக் குறைத்தால்? 1 செ.மீ.க்கு 15 கிலோதான் தாங்கும். அதே சுமைக்கு 9 செ.மீ. அமுங்கும். ஒல்லியான படகு தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு வேகமா, நேரா போகும். ஆனால் பக்கவாட்டில் ஆடும். அகலமான படகு ஆடாது, ஆனால் மெதுவாத்தான் போகும். வேகம் வேணுமா, நிலை வேணுமா என்று நாமதான் முடிவு பண்ணணும். இரண்டையும் ஒரே படகில் முழுசாக் கேட்க முடியாது.

நினைவில் வைக்க வேண்டியது: போகும்போது இருக்கிற எடையை வெச்சுக் கணக்குப் போடாதீங்க. திரும்பி வரும்போது வலை நனைஞ்சிருக்கும், மீனும் ஏறியிருக்கும். அந்த எடையைத்தான் பார்க்கணும். கணக்கில் வந்த அளவுக்கு முழுசா ஏத்தவும் கூடாது, பாதியோட நிறுத்திக்கணும்.

3. எப்படி மீன் பிடிக்கப் போறீங்க?

தூண்டில் போடுறவர் உட்கார்ந்தே இருப்பார். அவருக்கு ஒல்லியான படகு போதும். வீச்சு வலை வீசுறவர் எழுந்து நின்னு உடம்பைத் திருப்பி வீசணும். எழுந்து நின்னா ஈர்ப்பு மையம் மேலே போகும், படகு ஆட்டம் குடுக்கும். அவருக்கு அகலமான அடி வேணும். வேலி மாதிரி வலை கட்டி வெச்சுட்டு மறுநாள் எடுக்கிறவர் வலையைப் பிடிச்சுக்கிட்டே நகரணும், வலையைக் குவிச்சு வைக்க இடமும் வேணும். கடலில் பெரிய வலை போடுறவங்களுக்கு நாலு பேரும் இன்ஜினும் வேணும்.

இப்போ கடைகளில் மீன் பிடிக்கிறதுக்குன்னே கயாக் விற்கிறார்கள். முட்டுக்காடு, கோவளம் பக்கம் போனவங்க கயாக்கைப் பார்த்திருப்பீங்க. இது முதலில் பனிப் பிரதேசத்தில் வாழும் இன்யூட் மக்களுடைய படகு. மரத்தாலோ எலும்பாலோ சட்டம் செய்து, கடல்நாய்த் தோலை இழுத்துப் போர்த்தி, ஒரு ஆள் இடுப்பு வரை நுழையுற அளவுக்கு மட்டும் ஓட்டை விட்டு மூடிடுவாங்க. ஏன் மூடணும்? அங்கே தண்ணி பனி மாதிரி இருக்கும், மேலே பட்டாலே உயிருக்கு ஆபத்து. சத்தமில்லாமல் தனியாப் போய் வேட்டையாட ஏத்த படகு. அதுவும் அவங்க தண்ணி சொல்லிக் குடுத்த வடிவம்தான்.

வெயில் ஊர்களுக்குன்னு இப்போ செய்யுற பிளாஸ்டிக் கயாக்குகளில் மேலே உட்கார்ந்து ஓட்டுற வகை ஒண்ணு இருக்கு. அதில் அடி வரைக்கும் ஓட்டைகள் இருக்கும். உள்ளே விழுற தண்ணி அந்த ஓட்டை வழியா தானா வடிஞ்சிடும். இதைப் படிச்சதும் எனக்குக் கட்டுமரம்தான் ஞாபகம் வந்தது! இடுக்கு வழியா தண்ணி இறங்குற அதே தத்துவம்.

கயாக் நல்ல படகுதான். தூண்டில்காரருக்கு ரொம்பப் பொருத்தம். ஆனால் வலையையும் கூடை மீனையும் ஏத்துற தொழிலுக்கு இடம் போதாது. வாங்க நினைக்கிறவங்க எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கிறதைப் பார்த்து, அதுக்கு ரொம்பக் கீழேயே சுமை வைக்கணும்.

4. மொத்தச் செலவு எவ்வளவு?

வாங்குற விலை மட்டும் செலவு இல்லை. இன்ஜின் இருந்தால் எண்ணெய் வேணும், ரிப்பேர் வேணும், கூட வர ஆள் வேணும். ஒருத்தர் தனியாப் போய் ஒருத்தர் பிடிச்சு வர்ற தொழிலுக்கு நாலு பேர் படகு வாங்கினால், மீன் விற்ற காசு எண்ணெய்க்கே போயிடும். படகை எங்கே வைப்போம், யார் தூக்குவாங்க, கிழிஞ்சா நம்ம ஊர்லயே ஒட்ட முடியுமா என்பதையும் கேட்கணும்.

இதுக்கு நம்ம கடற்கரையிலேயே ஒரு பாடம் இருக்கு. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தது. நாம யாரும் அப்போ பிறக்கவே இல்லை. ஆனால் கடற்கரை ஊர்களில் கேட்டால் நேத்து நடந்த மாதிரி சொல்லுவாங்க. ஏராளமான கட்டுமரங்கள் நொறுங்கிப் போச்சு. உதவி செய்ய நிறைய அமைப்புகள் வந்தன. நல்ல மனசோடதான் வந்தாங்க. ஆனால் கட்டுமரத்தை இழந்தவர்களுக்கும் பல இடங்களில் இன்ஜின் வைத்த பைபர் படகுகள் கொடுக்கப்பட்டன. பைபர் படகு தூரம் போகும், வேகம் போகும், மீனும் அதிகம் ஏத்தலாம், உண்மைதான். ஆனால் முன்னாடி தனியா, பாயும் துடுப்பும் வெச்சு எண்ணெய்ச் செலவே இல்லாமல் போய்வந்தவர், இப்போ கூட்டு சேரணும், எண்ணெய்க்குக் கடன் வாங்கணும். சில ஊர்களில் முன்னாடி இருந்ததை விடப் படகு அதிகமாகி, ஓட்ட ஆள் கிடைக்கலை. அவசரத்தில் கட்டிய சில படகுகள் தரமாகவும் இல்லை.

இதிலிருந்து நான் புரிஞ்சுக்கிட்டது, படகில் போறவரைக் கேட்காமல் படகைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இது படகுக்கு மட்டும் இல்லை, எந்த உதவிக்கும் பொருந்தும்.

5. கவிழ்ந்தால் என்ன ஆகும்?

இதைக் கேட்க யாருக்கும் பிடிக்காது. ஆனால் வாங்குவதற்கு முன்னாடியே கேட்கணும். கவிழ்ந்த படகு மிதக்குமா, முழுகுமா? தண்ணிக்குள்ள இருந்து தனி ஆளாத் திரும்ப ஏற முடியுமா? பிடிச்சுக்க கயிறு இருக்கா? "எனக்கு நல்லா நீச்சல் தெரியும்" என்பது பதில் ஆகாது. ஏரியில் பாசியும் ஆகாயத்தாமரையும் காலில் சுத்தினால் நீச்சல் தெரிஞ்சவரும் திணறிப் போவார். ஆகவே மிதவைச் சட்டை அவசியம்.

படகில் 5 லிட்டர் காலி கேன் இரண்டு, மூடி இறுக்கி, கயிறு கட்டிப் போட்டு வையுங்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 5 கிலோவைத் தூக்கும். தண்ணிக்குள்ள நம்ம உடம்பு எடையில் பெரும்பகுதியைத் தண்ணியே தாங்கிக்கும். தலை மேலே நிற்க இந்தக் கொஞ்சம் உதவி போதும். இது மிதவைச் சட்டைக்குப் பதில் ஆகாது, கூடுதல் உதவி மட்டும்தான்.

நம்ம ஏரிக்கு எது?

எங்க மாமா (அம்மாவோட தம்பி) ஏரியில் லாரி டியூப் மேல உட்கார்ந்து வலை கட்டுறவர். நம்ம பக்கம் நிறையப் பேர் டியூப்பிலும் தெர்மாகோல் அட்டையிலும்தான் போகிறார்கள். காசு குறைவு, தூக்கிட்டுப் போறதும் சுலபம். இந்த வருஷம் மாமா ஒரு படகு வாங்கணும்னு சொன்னார். போனில் கயாக் விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்பட்டார்.

நான் டேப்பை எடுத்து அந்த டியூப்பை அளந்தேன். குழாயின் விட்டம் 25 செ.மீ., வளையத்தின் நடுச் சுற்றளவு 240 செ.மீ. கன அளவு 3.14 × 12.5 × 12.5 × 240, அதாவது சுமார் 118 லிட்டர். முழுசா அமுங்கினால் தாங்குறது 118 கிலோ. மாமா, நனைஞ்ச வலை, மீன் எல்லாம் சேர்த்தால் 105 கிலோ. மாமாவோட கால் தண்ணிக்குள்ள இருப்பதால் பாரம் கொஞ்சம் குறையும். இருந்தாலும் எவ்வளவு நெருக்கத்தில் போய் வருகிறார் பாருங்கள்! நம்ம ஏரிக்குள்ள கருவேல மரம் நிக்குது. ஒரு முள் குத்தினால் 118 லிட்டரும் பூஜ்ஜியம்.

அடுத்தது பரிசல். 2 மீட்டர் விட்டம், அடி தட்டை என்று வெச்சுக்குவோம். பரப்பு 3.14 சதுர மீட்டர். 1 செ.மீ.க்கு 31 கிலோ தாங்கும். பரிசல் எடை 40 கிலோ சேர்த்து மொத்தம் 145 கிலோ ஏத்தினாலும் 5 செ.மீ. கூட அமுங்காது. அடி அகலமா இருப்பதால் நிதானமா நிக்கும். எந்தப் பக்கம் வேணும்னாலும் திரும்பும் என்பதால் வலையைப் பிடிச்சுக்கிட்டே போகலாம். மூங்கில் பரிசலோட பிளாஸ்டிக் விரிப்பை முள் கிழிச்சிடும். பைபர் பரிசல் தாங்கும்.

"இன்னா பாப்பா, பாடத்த எல்லாம் ஏரிக்கே எடுத்தாந்துட்ட?" என்று மாமா சிரிச்சார். ஆனால் கணக்குப் பேப்பரை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டார். பரிசலுக்கும் குறை உண்டு. காத்து அடிச்சா அது போற பக்கம் இழுத்துக்கிட்டுப் போயிடும். அதனால் கொளவாய் மாதிரி பரந்த ஏரியில், காத்து நாளில், நடுவுக்குப் போகக் கூடாது. சுழலாமல் நேரா ஓட்டப் பழக்கமும் வேணும். ஆகவே மாமா தெரிஞ்சவர் ஒருத்தர் பரிசலை ஒரு வாரம் வாங்கி ஓட்டிப் பார்த்துட்டு, அப்புறம்தான் வாங்குறதா முடிவு பண்ணியிருக்கார். கரையில கவுத்துப் போட்டு பனைமரத்தில் சங்கிலி போடவும் இடம் பார்த்தாச்சு. மீன்வளத்துறை உள்நாட்டு மீனவர்களுக்குப் பரிசல் வாங்க மானியம் கொடுத்திருக்கிறார்கள். வாங்க நினைக்கிறவங்க இப்போ என்ன திட்டம் இருக்குன்னு அந்த ஆபீசில் கேட்டுக்கலாம்.

படகு தெருவுக்கு வந்த கதை

"ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்" என்று பழமொழி இருக்கு. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் அது நிஜமாகவே நடந்தது. தாம்பரம் பக்கம் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் வெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மக்களைக் காப்பாற்றினார்கள். 2018-இல் கேரள வெள்ளத்தில் அந்த ஊர் மீனவர்களும் இதே மாதிரி ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நம்ம புறநகர்த் தெருக்களில் படகு ஓடியது.

தெருத் தண்ணி வேற ஒரு தண்ணி. இடுப்பளவு ஆழம், கீழே கல்லு, கம்பி, குப்பை. இன்ஜின் விசிறி தரையில் இடிக்கும். அங்கே தட்டை அடி உள்ள, கையால் தள்ளக்கூடிய படகுதான் உதவும். நம்ம ஏரிக்கரையில் நாலு பரிசலும் அதை ஓட்டத் தெரிஞ்ச நாலு பேரும் இருந்தால், மீனுக்கும் ஆச்சு, மழைக்காலத்தில் ஊருக்கும் ஆச்சு. கடற்கரையில் இருந்து லாரி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சுருக்கமாக:
அலை உடையும் மணல் கரை – கட்டுமரம், பைபர் படகு
அமைதியான கடல் – வள்ளம், நாட்டுப்படகு
பாறை ஆறு – பரிசல்
முள்ளும் பாசியும் உள்ள சின்ன ஏரி – பைபர் பரிசல்
தூண்டிலோடு தனி ஆள் – கயாக்

உங்களுக்குத் தெரியுமா? ஆங்கிலத்தில் "கேட்டமரான்" என்று சொல்வது நம்ம "கட்டுமரம்" என்ற தமிழ்ச் சொல்லே! 1697-இல் வெளிவந்த தன் பயணப் புத்தகத்தில் வில்லியம் டாம்பியர் என்ற மாலுமி இந்தச் சொல்லை எழுதினார். இப்போது அந்தப் பெயரை இரண்டு உடல் கொண்ட படகுக்குச் சொல்கிறார்கள். பெயர் நம்முடையது, படகு வேற!

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பார்கள். தண்ணி தெரியாமல் படகையும் வாங்காதீர்கள் என்று கூறி, என் கட்டுரையை முடித்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது ஏரிக்குப் போகிறவர்கள் இருந்தால், அந்த 5 லிட்டர் கேன் விஷயத்தை இன்றைக்கே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி